மனநோய்க்கு மருந்து எடுப்பவர் பீடியை விடலாமா? வீட்டார் கேட்கும் கேள்விகள்

என் அண்ணனுக்கு மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரீனியா) நோய். இருபத்து மூன்று வயதில் வந்தது, இப்போது ஐம்பதை நெருங்குகிறார். நோயாளிகளின் வீட்டார் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் கூட்டம் ஒன்றுக்குப் பல வருடங்களாகப் போய்வருகிறேன். மாத்திரை, வேலை, கல்யாணம் என்று பேச்சு சுற்றிவந்து கடைசியில் எப்படியும் பீடி, சிகரெட், குடி என்று நிற்கும். நான் மருத்துவர் இல்லை. அண்ணனுக்காகப் படிக்க ஆரம்பித்து, படித்ததை மருத்துவரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தவன். அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன்.

பீடி பிடித்தால்தான் என் மகன் அமைதியாக இருக்கிறான். இருக்கிற ஒரே நிம்மதியையும் பிடுங்க வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்காத அம்மா இல்லை. எங்கள் அம்மாவும் இதைச் சொல்லித்தான் அண்ணனுக்குத் தன் கையாலேயே பீடிக்கட்டு வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நிம்மதி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். புகையை இழுத்த பத்து இருபது விநாடிக்குள் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடும். உடம்பில் அதன் அளவு சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகும். குறையக் குறைய எரிச்சல், பதற்றம், எதிலும் மனம் நிற்காமை எல்லாம் தலைதூக்கும். அடுத்த பீடி அந்தப் பதற்றத்தைத் தணிக்கிறது. முந்தின பீடி உண்டாக்கிய பதற்றம்தான் அது. கடன் வாங்கி வட்டி கட்டும் கதை. பார்க்கிற நமக்கு, பீடி வந்ததும் மகன் அமைதியாகிவிட்டான் என்பது மட்டும்தான் தெரிகிறது.

நான் சும்மா சொல்லவில்லை. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2014இல் 26 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த கட்டுரை ஒன்று வந்தது. புகையை விட்டவர்களுக்குச் சில வாரங்கள் கழித்துப் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்தன. விடாதவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. ஏற்கெனவே மனநோய் உள்ளவர்களிடமும் இதே போக்குதான். 2021இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 102 ஆய்வுகளை எடுத்துப் பார்த்தபோதும் முடிவு மாறவில்லை. மனம் தேறியவர்கள்தான் புகையை விட்டிருப்பார்களோ என்று ஒருவர் கேட்கலாம், நியாயமான கேள்விதான். ஆனால் ‘விட்டால் நோய் முற்றிவிடும்’ என்று நாம் பயப்படுகிறோமே, அதற்கு இந்த ஆய்வுகளில் ஆதாரம் கிடைக்கவில்லை.

மனநோய் உள்ளவர்கள் ஏன் இவ்வளவு புகைக்கிறார்கள்?

அமெரிக்காவில் 2000இல் வந்த ஓர் ஆய்வு, அந்த நாட்டில் புகைக்கப்படும் சிகரெட்டில் ஏறக்குறைய 44 சதவீதத்தை மனநலப் பிரச்சினை உள்ளவர்களே புகைக்கிறார்கள் என்று கணக்கிட்டது. அவர்கள் தங்களுக்குத் தாங்களே நிக்கோட்டினை மருந்தாகக் கொடுத்துக்கொள்கிறார்கள் என்ற விளக்கம் ரொம்ப நாள் செல்வாக்கோடு இருந்தது. கவனத்தையும் நினைவையும் நிக்கோட்டின் கொஞ்ச நேரம் கூர்மையாக்கும் என்பது உண்மைதான். அந்த அளவில் அதில் பொருள் உண்டு. ஆனால் 2008இல் மூன்று ஆராய்ச்சியாளர்கள் புகையிலைக் கம்பெனிகளின் உள் ஆவணங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். இந்த ‘சுயமருந்து’ கருத்தை வளர்க்கும் ஆராய்ச்சிகளுக்குக் கம்பெனிகளே பணம் கொடுத்ததும், மனநல மருத்துவமனைகளில் புகைத் தடை வராமல் இருக்க வேலை செய்ததும் அதில் தெரியவந்தன. அந்தக் காலத்து மனநலக் காப்பகங்களில் சொன்னபடி நடந்தால் பரிசு என்று சிகரெட்டையே கொடுத்துவந்தார்கள். நோயாளியின் கையில் நாமே திணித்துவிட்டு நோயின் மேல் பழியைப் போட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் ஊர்க் கதை கொஞ்சம் வேறு. சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் மனச்சிதைவு உள்ள நகர்ப்புற ஆண்கள் 286 பேரைப் பார்த்து 2002இல் எழுதினார்கள். புகைத்தவர்கள் 38 சதவீதம். மேற்கு நாட்டு மருத்துவமனைகள் சொல்லும் எண்ணிக்கைகளைவிட இது எவ்வளவோ குறைவு. எல்லாமே மூளை செய்கிற வேலை அல்ல என்பதுதான் அவர்கள் சொன்னது. இங்கே நோயாளி பெரும்பாலும் குடும்பத்தோடு இருக்கிறார், கையில் காசு புழங்குவதில்லை, கண்டிக்க ஆள் இருக்கிறது. நோயின் பாதி வீட்டுக்குள் இருப்பதுபோல, தீர்விலும் பாதி வீட்டுக்குள் இருக்கிறது என்று அதைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

பீடியை விட்டதும் மாத்திரையின் வேகம் கூடும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தில் வேறு எதை விட்டாலும் இதை மட்டும் படித்துவிடுங்கள்.

அண்ணன் மனச்சிதைவுக்கான குளோசாபின் என்ற மாத்திரை சாப்பிடுகிறார். அப்போது நாளுக்கு 400 மில்லிகிராம், கூடவே இரண்டு கட்டு பீடி. ஒருநாள் படியில் வழுக்கிக் கால் எலும்பு முறிந்து எலும்பு சிகிச்சைப் பிரிவில் சேர்த்தோம். படுத்த படுக்கை, எனவே பீடி இல்லை. பீடி தானாகவே நின்றுவிட்டதே என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஆறாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் தலையணை உறை எச்சிலில் முழுக்க நனைந்திருக்கிறது. எழுப்பினால் கண்ணைத் திறக்கிறார், உடனே சொருகிக்கொள்கிறது. இட்லியை விண்டு கையில் கொடுத்தேன். வாய்க்குப் போகும் வழியிலேயே விரலிலிருந்து நழுவியது. நான்கு நாளாக மலம் கழிக்கவில்லை. வலிக்குப் போட்ட ஊசியின் மயக்கம் என்றார்கள் வார்டில். எனக்கு மனம் ஒப்பவில்லை, மனநல மருத்துவருக்கு போன் செய்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: “பீடி பிடிக்கிறாரா இப்போ?”

விஷயம் இதுதான். புகையில் உள்ள தார் வகைப் பொருள்கள் கல்லீரலில் ஒரு நொதியைத் தூண்டிவிடுகின்றன. மருத்துவர்கள் அதை சிஒய்பி1ஏ2 என்பார்கள். குளோசாபினையும், அதே நோய்க்குக் கொடுக்கும் ஓலான்சாபினையும் உடம்பிலிருந்து கழித்துத் தள்ளுவதில் அந்த நொதிக்குப் பெரிய பங்கு. புகைப்பவர் உடம்பில் அது வேகமாக வேலை செய்வதால் மருந்து சீக்கிரம் தீர்ந்துபோகும், ஆகவே மருத்துவர் டோஸைக் கூட்டி வைத்திருப்பார். நாளுக்கு ஏழெட்டு சிகரெட்டே இந்தத் தூண்டுதலுக்குப் போதும். புகை நின்றால் ஒரு வாரத்துக்குள் நொதி பழைய நிலைக்கு வந்துவிடும். அதே மாத்திரைதான், ஆனால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஒன்றரை மடங்குவரை ஏறலாம், சிலருக்கு அதற்கு மேலும். தூக்கம், எச்சில் வடிதல், ரத்த அழுத்தம் இறங்குதல், கடுமையான மலச்சிக்கல் என்று போய் வலிப்புவரை வரலாம்.

அண்ணனுக்கு டோஸைக் குறைத்தார்கள், மூன்று நாளில் தெளிந்தார். வீட்டுக்கு வந்ததும் பீடி மறுபடி தொடங்கியது. இந்த முறை எதிர்ப்பக்கம்: குறைத்த டோஸ் போதாமல், ஒரு மாதத்தில் காதில் குரல்கள் திரும்ப வந்துவிட்டன. அதனால்தான் சொல்கிறேன், விடும்போதும் சொல்லுங்கள், மறுபடி தொடங்கினாலும் சொல்லுங்கள். குளோசாபின் என்றால் முதல் வாரத்திலேயே டோஸில் ஏறக்குறைய கால் பங்கு குறைப்பது வழக்கம். எவ்வளவு, எப்போது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும், நாமாக மாத்திரையை உடைத்துக் குறைக்கக் கூடாது. வசதி இருந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவையும் பார்ப்பார்கள். ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல் போன்ற மருந்துகளில் இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை.

பீடிக்குப் பதில் போயிலை போட்டால்? நிக்கோட்டின் கம் மென்றால்?

நொதியைத் தூண்டுவது நிக்கோட்டின் அல்ல, புகை. ஆகவே புகையை விட்டு வாயில் போயிலை அடக்கினாலும், கம் மென்றாலும், தோலில் நிக்கோட்டின் பட்டை ஒட்டினாலும் மருந்து ஏறத்தான் செய்யும். டோஸைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். மற்றபடி போயிலை வேண்டவே வேண்டாம், அது வாய்ப்புற்றுக்கு நேர் வழி. கம், பட்டை வேறு விஷயம், கீழே சொல்கிறேன்.

விட்டதிலிருந்து தூக்கமே இல்லை, படபடப்பாக இருக்கிறது என்கிறார்.

காபி எத்தனை டம்ளர் என்று எண்ணிப் பாருங்கள். காபியில் உள்ள கஃபீனைக் கழிப்பதும் அதே நொதிதான். புகையை விட்டவர் பழைய கணக்குப்படி குடித்தால் ரத்தத்தில் கஃபீன் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் நிக்கோட்டின் இல்லாத ஏக்கம்போலவே இருக்கும், பிரித்துச் சொல்ல முடியாது. காபி, டீயைப் பாதியாக்குங்கள். இவ்வளவு எளிதான விஷயத்தை யாரும் சொல்லித்தராதது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

புகையை விட்ட ஏக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும்.

புகையை விட உதவும் மாத்திரை தற்கொலை எண்ணத்தைத் தூண்டும் என்று படித்தேன்.

வேரெனிக்லின் என்ற மாத்திரையைப் பற்றித்தான் அந்தப் பயம். 2009இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அதன் உறையில் தன் கடுமையான கட்டமிட்ட எச்சரிக்கையைப் போடச் சொன்னது. புகையை விட உதவும் இன்னொரு மாத்திரையான புப்ரோபியானுக்கும் அப்படியே. அப்புறம் அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்கென்றே ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். ஈகிள்ஸ் என்று பெயர், 16 நாடுகள், எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், அதில் பாதிப் பேர் மனநோய் உள்ளவர்கள். முடிவு 2016இல் லான்செட் இதழில் வந்தது.

மனநோய் உள்ளவர்களில் மனநிலை சார்ந்த கடும் பக்கவிளைவு வந்தது வேரெனிக்லின் எடுத்தவர்களில் 6.5 சதவீதம், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த, மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 4.9 சதவீதம். புள்ளியியல்படி இது பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. சிகிச்சையின் கடைசி நான்கு வாரம் புகைக்காமல் இருந்தவர்கள் வேரெனிக்லினில் 29 சதவீதம், நிக்கோட்டின் பட்டையில் 20, புப்ரோபியானில் 19, வெறும் மாத்திரையில் 11. அந்த வருடமே டிசம்பரில் கட்டமிட்ட எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள்.

ஒன்றை மறக்காதீர்கள். அதில் சேர்க்கப்பட்டவர்கள் நோய் கட்டுக்குள் இருந்தவர்கள். குரல்கள் உச்சத்தில் இருக்கும்போதோ, வாழ்வே வேண்டாம் என்று பேசும்போதோ தொடங்கும் விஷயம் இல்லை இது. புப்ரோபியான் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது. குளோசாபினும் வலிப்பு எளிதில் வர இடம் கொடுப்பது என்பதால் இரண்டையும் சேர்ப்பதில் மருத்துவர்கள் கவனமாக இருப்பார்கள்.

நிக்கோட்டின் கம் வாங்கிக் கொடுத்தேன், ஒன்றும் ஆகவில்லை என்கிறார்.

பபிள் கம்போல மென்றிருப்பார். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது: விக்கல், வயிற்றெரிச்சல், ‘இது வேலைக்காகாது’ என்று துப்பிவிட்டார். நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாகத்தான் ஏற வேண்டும், விழுங்கினால் வீண். நான்கைந்து தடவை மெதுவாகக் கடிக்க வேண்டும். சுருக்கென்று காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்துவிட வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி கடித்து வேறு பக்கம் ஒதுக்க வேண்டும். அரைமணி நேரம் இப்படி. கால் மணிக்கு முன்னாலிருந்தே காபி, பழச்சாறு, குளிர்பானம் கூடாது, அவற்றின் புளிப்பு நிக்கோட்டினை ஏறவிடாது.

இரண்டு மில்லிகிராமா, நான்கா? காலையில் கண் விழித்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி என்று கேளுங்கள். ஸ்வீடன் நாட்டு ஃபேகர்ஸ்ட்ராமின் பெயரில் வழங்கும் கேள்வித்தாளில் இதற்குத்தான் அதிக மதிப்பெண்: ஐந்து நிமிடத்துக்குள் என்றால் மூன்று, அரைமணிக்குள் என்றால் இரண்டு. அரைமணிக்குள் பற்றவைப்பவருக்கு நான்கு மில்லிகிராம் பொருந்தும். அண்ணன் அப்போது கட்டிலை விட்டு இறங்குமுன்னே பற்றவைப்பவர். நாள் முழுக்கத் தோலில் பட்டை, ஏக்கம் வரும்போது கம் என்று சேர்த்துக் கொடுத்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பலன் அதிகம்.

இதிலும் நிக்கோட்டின்தானே என்று சிலர் தயங்குவார்கள். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் இருந்த மனநல மருத்துவர் மைக்கேல் ரஸ்ஸல் 1976இலேயே எழுதிவிட்டார்: மக்கள் நிக்கோட்டினுக்காகப் புகைக்கிறார்கள், ஆனால் சாவது தாரினால்.

மன உறுதி இருந்தால் விட மாட்டானா?

திட்டித் திட்டி அலுத்துப்போன அப்பாக்கள் கேட்பது. அவர்களுக்கு இரண்டு ஆய்வுகளைச் சொல்வேன்.

2007இல் சயன்ஸ் இதழில் வந்தது ஒன்று. பக்கவாதம் போன்றவற்றால் மூளையில் இன்சுலா என்ற பகுதி சேதமான சிலர், அதுவரை விடாமல் புகைத்தவர்கள், சட்டென்று விட்டுவிட்டார்கள். புகைக்க வேண்டும் என்ற உந்துதலையே தன் உடம்பு மறந்துவிட்டது என்றார் அவர்களில் ஒருவர். அவருக்கு ஒரே இரவில் மன உறுதி வந்துவிடவில்லை, மூளையில் ஏக்கம் எழும் இடம் ஓய்ந்துவிட்டது.

இன்னொன்று வியட்நாம் போர்க்காலத்தது. அங்கே அமெரிக்கச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் அளவுக்கு ஹெராயின் போன்றவற்றுக்கு அடிமையாகியிருந்தார்கள். 1971இல் ஊர் திரும்பியவர்களை லீ ராபின்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் பின்தொடர்ந்தார். அடிமையாகியிருந்தவர்களில் மூன்று வருடத்துக்குள் கொஞ்ச நாளாவது மறுபடி அடிமையானவர்கள் 12 சதவீதம்தான். அதே ஆள், அதே மன உறுதி. மாறியது இடமும் சுற்றி இருந்தவர்களும் வாழ்க்கையும். நம் வீட்டில் என்ன மாற்றலாம் என்று யோசியுங்கள். நாங்கள் முதலில் மாற்றியது, அண்ணன் தனியாகப் பீடி பிடிக்கும் மொட்டைமாடி நேரத்தை. அந்த மாலை ஐந்து மணிக்கு இப்போது இருவரும் நடக்கப் போகிறோம்.

கஞ்சா இயற்கையானதுதானே?

ஸ்வீடனில் ராணுவத்துக்கு எடுக்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் 15 வருடம் பின்தொடர்ந்து 1987இல் எழுதினார்கள். ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா எடுத்தவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு எடுக்காதவர்களைவிட ஆறு மடங்கு. 2019இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாகப் பதினோரு இடங்களில் செய்த ஆய்வில், தினமும் வீரியமான கஞ்சா எடுப்பவர்களுக்கு மனநோய் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்கு. கஞ்சா எடுக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. ஆனால் வீட்டில் ஏற்கெனவே ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், தம்பி தங்கைகளிடம் இதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

குடியையும் பீடியையும் ஒரே நாளில் நிறுத்தச் சொல்லலாமா?

பீடியைத் திடீரென்று நிறுத்தினால் கஷ்டமாக இருக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. குடி அப்படி இல்லை. தினமும் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாத பூச்சியும் ஆளும் தெரிந்து பிதற்ற ஆரம்பிக்கலாம். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். மருத்துவமனையில் வைட்டமின் பி1 ஊசியோடும் நடுக்கத்துக்கான மருந்தோடும் நிறுத்த வேண்டிய விஷயம் அது. கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வந்து மூன்றாம் நாள் வலிப்பு வந்தவரை நானே பார்த்திருக்கிறேன். கயிறு கட்டட்டும், அதற்கு முன் மருத்துவரையும் பார்க்கட்டும்.

பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வில், மதுப் பிரச்சினை உள்ளவர்களில் 86 சதவீதம் பேருக்குச் சிகிச்சையே போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது.

அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் குடி நிறுத்தும் மாத்திரையைக் கலக்கலாமா?

கூடாது. கூடவே கூடாது. டைசல்ஃபிராம் என்ற அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால், சாராயம் உடைந்து வரும் அசிட்டால்டிஹைடு கழியாமல் ரத்தத்தில் தேங்கும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழும். இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். அது உள்ளே இருப்பது தெரிந்தால்தான் அந்தப் பயத்தில் கிளாஸைத் தொடாமல் இருப்பார், மருந்தின் பயனே அதுதான். தெரியாதவருக்கு அது விஷம். மனநோய் உள்ளவருக்குக் குரல்களையும் சந்தேகத்தையும் கூட்டவும் செய்யலாம். சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்று ஏற்கெனவே சந்தேகப்படுபவர் வீட்டில் அது உண்மையாகிவிட்டால், அப்புறம் எந்த மாத்திரையைக் கொடுத்தாலும் வாங்க மாட்டார்.

மூன்று முறை விட்டுவிட்டு மறுபடி பிடிக்கிறார். இனி முயன்று என்ன பயன்?

இங்கிலாந்தில் கடுமையான மனநோய் உள்ள 526 பேரிடம் நடத்திய சோதனை 2019இல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு வழக்கமான ஏற்பாடு. மீதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற மனநலப் பணியாளர் தேவைப்பட்டால் வீட்டுக்கே வந்து, நோயை அறிந்து பேசி உதவினார். ஆறு மாதத்தில் விட்டிருந்தவர்கள் வழக்கமான ஏற்பாட்டில் 6 சதவீதம், இதில் 14. ஒரு வருடத்தில் அந்த இடைவெளி குறைந்துவிட்டது: 10, 15. எண்கள் சிறியவைதான், ஆனால் துணை இருந்தால் கூடுகிறது, துணை விலகினால் சரிகிறது என்பது தெளிவாகவே தெரிகிறது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்திலிருந்து இருபது வருடம் முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பகுதி இதயமும் நுரையீரலும்தான். அந்த வருடங்களை மீட்க நான்காவது முறையும் முயலலாம். அண்ணன் விட்டு நான்கு வருடம், நடுவே இரண்டு முறை தொடங்கி மறுபடி விட்டார். இரண்டு முறையும் முதலில் மருத்துவருக்குத்தான் போன் செய்தோம்.

எங்கே கேட்பது? போகும்போது என்ன சொல்வது?

புகையிலையை விட தேசிய இலவச எண் 1800-11-2356, தமிழிலும் பேசுவார்கள். மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416, எந்த நேரமும். மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: நாளுக்கு எத்தனை பீடி, காலையில் முதல் பீடி எத்தனை மணிக்கு, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் அளவும், எத்தனை டம்ளர் காபி, முன்னால் வலிப்பு வந்ததுண்டா, குடி உண்டா, எந்தத் தேதியில் விடப்போகிறார். நோய் தணிந்திருக்கும் மாதமாகப் பார்த்துத் தேதி குறியுங்கள். விட்ட ஐந்தாவது நாளிலிருந்து தலையணை உறையைக் கவனியுங்கள்.